தாராவிக்கு ஒரு மைக்ரோபயாலஜி டீச்சர்

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கம்ப்யூட்டரில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. பாடம், வகுப்பு, ஏரியா. மூன்றையும் நிரப்பினால் ஆசிரியர்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடைசி சில வருஷங்கள் அந்தக் கட்டங்களை நிரப்பித்தான் நானும் சம்பளம் வாங்கினேன்.

போன வாரம் முதலாளி போன் செய்து, "டியூஷன் பியூரோவில் புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க, வந்து கொஞ்சம் பேசுங்க" என்றார். என்ன பேசுவது? பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, ஆசிரியர் லீவு போட்டால் யாரை அனுப்புவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். அதனால் ஒரே ஒரு கேஸைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நடக்கத் தோன்றும். நடந்துகொண்டே சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கதையைக் கேட்டால் தெரியும்.

மழை ஆரம்பித்த சமயம். காலையில் ஆபீஸ் திறந்ததும் ஒரு பெண்ணின் போன். குரலைக் கேட்டதுமே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"அக்கா, மைக்ரோபயாலஜி சொல்லித்தர ஒரு டீச்சர் வேணும். நல்லாப் படிச்சவியளா இருக்கணும். அரைகுறை வேண்டாம்."

"எந்த ஏரியாம்மா?"

"தாராவி."

"நர்சிங்கா, பி.எஸ்ஸியா?"

கொஞ்சம் தயங்கினாள். "நர்சிங்..."

"ஃபர்ஸ்ட் இயர்தானே?"

"ஆமா."

"ஏற்கெனவே ஒரு தடவை பேப்பர் போயிடுச்சா?"

"ஆமாக்கா. சீக்கிரம் வேணும். நாளாச்சுன்னா எல்லாம் கைய விட்டுப் போயிரும்."

கவனித்தீர்களா? தாராவியைத் தவிர அவள் சொன்ன பதில்களில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த மாதம் வந்த போன்களெல்லாம் நர்சிங் முதல் வருஷப் பெண்கள்தான். இதுவும் அதுதான் என்று என் வாய் முந்திக்கொண்டது. பெயர் ஜெயராணி என்று எழுதிக்கொண்டு வைத்துவிட்டேன்.

மைக்ரோபயாலஜி என்றாலே அப்போது நமக்குக் கோபாலன் சார்தான். செம்பூரில் வீடு. கல்லூரியில் பாடம் நடத்தியவர், சுத்தமான தமிழ் பேசுவார், அவரிடம் படித்து யாரும் ஃபெயிலானதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று சாயங்காலமே போகிறேன் என்றார்.

சாயங்காலம் அவர் தெருவில் நின்றுகொண்டே போன் செய்தார். பின்னால் ஆட்டோ ஹாரன். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"மேடம், அங்கே ஸ்டூடன்ட்டே இல்லை. ஒரு அம்மா பேனாவோட உட்கார்ந்திருக்காங்க. சிலபஸ் என்னன்னு கேட்டா, டி.பி. கிருமி மட்டும் போதும்கிறாங்க. உள்ளே தடுப்புக்குப் பின்னால ஒரு ஆள் இருமிக்கிட்டே இருக்கார். எனக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? எழுந்து வந்துட்டேன். என் வீட்டில் மக பிரசவத்துக்கு வந்திருக்கா மேடம். கைக்குழந்தை இருக்கு. நீங்க எதையும் விசாரிக்காம என்னை எங்கே அனுப்பியிருக்கீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் வைத்துவிட்டார். அவர் அங்கே இருந்தது கொஞ்ச நேரம்தான். பிறகு டாக்டரைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அது தெரியும்வரை அவர் தன் பேத்தியைத் தூக்கவில்லை. அதை அவர் மனைவி எனக்குச் சொன்னார்.

மறுநாள் காலை ஜெயராணி நேராக மாட்டுங்கா ஆபீஸுக்கே வந்துவிட்டாள். நாற்பதை ஒட்டிய வயது. கையில் குடை, முகத்தில் மாஸ்க். உள்ளே வராமல் காரிடாரிலேயே நின்றாள்.

"இங்கனயே நிக்கேன்க்கா. எனக்கும் பிள்ளையளுக்கும் டெஸ்ட் எடுத்துட்டாவ, ஒண்ணும் இல்ல. ஆனாலும் நீங்க பயப்படுவிய."

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். "ஏன் பொய் சொன்னே?"

"நீங்கதான நர்சிங்னு சொன்னிய. நான் ஆமான்னேன். நெசத்தச் சொன்னா ஆள் அனுப்புவியளா?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் கணவர் செல்வின், தோல் பை செய்யும் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். அவள் வீட்டிலிருந்தபடி அந்தப் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுப்பவள். அவருக்கு டி.பி. வந்திருந்தது. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை. பெரிய ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரைகள் கொடுத்து, இருமல் நின்று, எடை ஏறி, மறுபடி வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தார். அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டார். இருமல் இப்போது திரும்பியிருந்தது. அவர் அதை மழைச்சளி என்றார்.

"அழுது பாத்தேன். பிள்ளைய மேல சத்தியம் கேட்டேன். பாஸ்டரக் கூட்டிட்டு வந்து பேசச் சொன்னேன். அவிய எல்லாருட்டயும் ஒரே கேள்விதான் கேக்காவ. கிருமிதான் செத்துட்டே, பொறவு என்னத்துக்கு மாத்திரைன்னு. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. பாஸ்டருக்கும் தெரியல. டாக்டரம்மா நல்லவியதான், ஆனா பின்னால லைன் நிக்குது. சாப்பிடணும், சாப்பிட்டே ஆகணும்னு ஹிந்தியில சொல்லுவாவ. ஏன்னு கேட்டு விளங்குறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துருவாவ. அதான், படிச்ச டீச்சர் ஒருத்தர்ட்ட நானே படிச்சுக்கிட்டு, அவியளுக்குப் பதில் சொல்லலாம்னு பாத்தேன்."

இத்தனை வருஷத்தில் பரீட்சைக்காக ஆசிரியர் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. கணவனோடு வாதம் செய்ய மைக்ரோபயாலஜி கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

உள்ளே போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும், "சோடோ, விட்டுடுங்க, இது நம்ம வேலை இல்லை. ஏதாவது டிரஸ்ட் இருக்கும், அங்கே அனுப்பு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் கவுன்சலர் இருப்பார்களே என்று அவளிடம் கேட்டேன். இருந்தார்கள். வீட்டுக்கும் வந்தார்கள். அவர்கள் வரும் நேரம் தெரிந்து செல்வின் வெளியே போய்விடுவார். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் குடியிருக்க விடமாட்டார்கள், கார்கானாவில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

"நான் ஆள் தேடறேன். ஆனா வர்ற டீச்சர்கிட்ட வீட்டில் என்ன இருக்குன்னு முதல்லயே சொல்லுவேன்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாம்க்கா. ஒருத்தருட்ட சொன்னா பத்துப் பேருக்குப் போயிரும்."

"சொல்லாம அனுப்ப மாட்டேன்."

"கிளாஸ வீட்டுல வைக்க வேண்டாம். வேற எங்கனயாவது வைங்க. அப்பவும் சொல்லணுமா?"

"சொல்லணும். அவர் நடத்தப்போற பாடமே அதுதானே?"

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். கோபாலன் சாரின் குரல் காதிலேயே இருந்தது. ஆனால் நான் சரியாக நடந்துகொண்டதால் அங்கே ஒரு ஆள் மாத்திரை இல்லாமல் இன்னும் ஒரு நாள் கழித்துக்கொண்டிருக்கிறான். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவளாக இருக்குமோ என்று பாய்ந்து எடுத்தேன். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, எனக்கும் செம்பூர்தான், இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்பினேன்.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "சொல்லிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. நம்மிடம் பெயர் கொடுத்திருந்த மைக்ரோபயாலஜி ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர், "மேடம், ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். இன்னொருவர் ஆராய்ச்சி மாணவர், ஆன்லைனில் ஆங்கிலத்தில் என்றால் சரி என்றார். தேவ்நாரில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியை, ரொம்ப நல்ல மனுஷி, "அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கணும், செல் அமைப்பு முடிக்கவே ஆறு கிளாஸ் ஆகும்" என்றார். அதற்கு நேரமில்லை என்றேன். அவசரமாக நடத்தினால் பாடம் கெட்டுவிடும் என்று அவர் மறுத்துவிட்டார்.

கடைசியில் மிஞ்சியவள் காயத்ரி. நெருளில் வீடு, ஐரோலியில் உணவுப் பொருள் பரிசோதிக்கும் லேபில் வேலை. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜியில் நல்ல மார்க். நம்மிடம் பதிவு செய்து ரொம்ப நாளாகியும் ஒரு டியூஷன்கூடக் கிடைக்கவில்லை. அனுபவம் இல்லை என்று நான்தான் யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

பாடத்தைச் சொல்வதற்கு முன்னால் நோயைச் சொன்னேன். யார், எந்த வகை, மாத்திரை நிறுத்தியது, எல்லாம். கோபாலன் சாருக்கு நடந்ததையும் மறைக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"இருக்கேன் ஆண்ட்டி. யோசிக்கறேன். கிளாஸ் எங்கே?"

"இங்கே, ஆபீஸ் காரிடார்ல. திறந்த இடம்தான். அவங்க மட்டும் வருவாங்க. அவங்களுக்கு நோய் இல்லை."

"அப்போ எனக்கு ரிஸ்க் கம்மிதான். ஆனா ஆண்ட்டி, பிராப்ளம் வேற. எனக்குத் தமிழ்ல பயாலஜி தெரியாது. வீட்டில சாதம் போடு, ஃபேனை ஆஃப் பண்ணுன்னு பேசற தமிழ்தான். 'ரெசிஸ்டன்ஸ்'க்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"அதை அங்கே பார்த்துக்கலாம். நீ வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸ் லீவு. காரிடாரில் ஒரு பெஞ்சு, ஒரு நாற்காலி, கதவில் மாட்டிய சின்ன வெள்ளைப் பலகை. ஜெயராணி ஆராதனைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

காயத்ரி உட்காரும் முன்பே சொன்னாள்: "அக்கா, நான் டாக்டர் இல்லை. கிருமி பத்தி மட்டும்தான் சொல்லுவேன். அவர் மாத்திரையை நிறுத்தினது ஆஸ்பத்திரிக்குத் தெரியணும். நாளைக்கே போய்ச் சொல்லுங்க."

"போறேன் டீச்சர்" என்றாள் ஜெயராணி. அந்தப் 'போறேன்' எனக்குப் பிடிக்கவில்லை.

காயத்ரி லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினாள். பாக்டீரியா, அதன் மேல்சுவர், அதில் இருக்கும் மெழுகு மாதிரியான பொருள். பாதி ஆங்கிலம், கால்வாசி ஹிந்தி. ஜெயராணி பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதிய. இதப் போய் வீட்டுல சொன்னேன்னா அவிய எந்திரிச்சு வெளிய போயிருவாவ. நான் ஒண்ணு செய்யுதேன். நான் அவியளா இருந்து கேக்கேன். நீங்க நானா இருந்து பதில் சொல்லுங்க."

சொல்லிவிட்டு பெஞ்சில் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அங்கே ஒரு ஆம்பிளை உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, இருமல் நின்னுட்டு. சளியில கிருமி இல்லன்னு ரிப்போர்ட்டு வந்துட்டு. பொறவு என்னத்துக்கு மாத்திரை?"

"அது... மதலப், அதாவது, ஃபுல்லா போகலை..."

"எவ சொன்னா? நீ பாத்தியா?"

"பாக்க முடியாது. ரொம்பக் கொஞ்சமா இருந்தா டெஸ்ட்ல தெரியாது."

"அப்போ உனக்கே தெரியாது. தெரியாம என்னைய தின்னச் சொல்லுத."

காயத்ரி என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஆண்ட்டி, வைவா பரீட்சையில்கூட என்னை இப்படி யாரும் கேட்டதில்லை."

எழுந்து காரிடாரின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"எங்க லேப்ல பால் டெஸ்ட் பண்ணுவோம். பால்ல இருக்கற கிருமி அரை மணி நேரத்துல ஒண்ணு ரெண்டாகும். அதான் வெளியில வெச்சா சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போகுது. டி.பி. கிருமி அப்படி இல்லை. ரொம்ப மெதுவு. ஒண்ணு ரெண்டாகறதுக்கே ஒரு நாள் ஆகும். சிலது அதுவும் பண்ணாது, சும்மா தூங்கும். மருந்து எதைச் சட்டுனு கொல்லும்? வேலை செஞ்சுக்கிட்டிருக்கற கிருமியை. அது செத்ததும் இருமல் நிக்கும், பசி எடுக்கும். தூங்கறது அப்படியே இருக்கும். அது முழிக்கற அன்னிக்கு உடம்புல மருந்து இருக்கணும். இல்லேன்னா அது பெருகும். அதிலும் மருந்துக்குத் தப்பிச்சது எதுவோ அதுதான் ஜாஸ்தியாகும். அப்புறம் இந்த மாத்திரையும் கேக்காது."

ஜெயராணி காலைக் கீழே இறக்கினாள். தன் குரலுக்குத் திரும்பினாள். "இத இன்னொரு தடவ சொல்லுங்க."

மூன்று தடவை சொல்லவைத்தாள். பிறகு தானே திருநெல்வேலித் தமிழில் சொல்லிப் பார்த்தாள். காயத்ரி இரண்டு இடத்தில் திருத்தினாள். 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல் கடைசிவரை தேவைப்படவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது வகுப்பு. காயத்ரி ஐரோலியிலிருந்து நேராக வந்தாள். வந்ததும் முதல் கேள்வி, "ஆஸ்பத்திரியில சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தகவல் போனால் அன்றைக்கே ஊருக்கு ரயிலேறிவிடுவேன் என்று செல்வின் மிரட்டியிருந்தார். பாடத்தையும் அவள் வீட்டில் ஒப்பித்துப் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் சொன்னேன்க்கா. தூங்குத கிருமி, தப்பிச்ச கிருமி, எல்லாம். அவிய வாயத் தொறக்கல. கடைசியில, 'எவ சொல்லிக் குடுத்தா இதெல்லாம்'னு மட்டும் கேட்டாவ."

காயத்ரி பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆண்ட்டி, நாம இங்கே உட்கார்ந்து தியரி பேசறோம். அவர் உடம்புக்குள்ள அது வளர்ந்துக்கிட்டிருக்கு. என்னால இப்படிப் பாடம் நடத்த முடியாது."

ஜெயராணி என்னைப் பார்த்தாள். நடுவில் நான். வகுப்பை நிறுத்தினால் அவள் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். தொடர்ந்தால், ஏதோ செய்கிறோம் என்ற திருப்தியில் நாள்கள் ஓடிவிடும். இந்த மாதிரி நேரத்தில் யாரையாவது கேட்கலாமே என்று தோன்றும். கேட்க யாரும் இல்லை. முதலாளிக்கு இது நடப்பதே முழுசாகத் தெரியாது.

"இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ். அதுதான் கடைசி. அதுக்குள்ள நீ ஆஸ்பத்திரியில சொல்லணும். இல்லேன்னா திங்கட்கிழமை நானே உன்கூட வருவேன்" என்றேன்.

ஜெயராணி பேனாவை மூடி வைத்தாள்.

ஞாயிறு. மழை விட்டிருந்தது. வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். படியில் யாரோ ஏறிவரும் சத்தம். இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறும் சத்தம். பிறகு ஒரு இருமல். ஜெயராணி எழுந்து நின்றுவிட்டாள்.

ஒல்லியாக, உயரமாக ஒரு ஆள். முகத்தின் நிறம் மங்கிக் கருத்துப்போயிருந்தது. அவர் சர்ச்சுக்குப் போய் அவளைத் தேடிவிட்டு, அவள் இங்கே வருவதை அறிந்திருந்த, அவளோடு அங்கே பாட்டுப்பாடும் பெண் ஒருத்தியிடம் விசாரித்து, இங்கே வந்திருந்தார். வேறு என்னவோ நினைத்துத்தான் வந்திருக்க வேண்டும். பலகையும் பேனாவும் மூன்று பெண்களுமாக இருந்த இடத்தைப் பார்த்து அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காயத்ரி பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அண்ணா, இதைப் போட்டுக்கோங்க. அந்தக் கோடியில, காத்து வர்ற பக்கம் நில்லுங்க. பேசலாம்."

அவர் மாஸ்க்கை வாங்கிப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றார்.

"நீதான் டீச்சரா?"

"ஆமா."

"தூங்குத கிருமின்னு சொன்னது நீதானா?"

"ஆமா."

"அது எனக்கு வெளங்கிட்டு" என்றார். சட்டைப் பையில் கை விட்டு மாத்திரை அட்டைகளை எடுத்தார். எல்லா வகையும் இருந்தன. அவற்றை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தார். "வெளங்குனதாலதான் கேக்கேன். நான் மாத்திரை திங்கேன். கர்த்தர் மேல சத்தியமாத் திங்கேன். ஆனா இதுல ஒண்ணு என் காலை எரிக்குது. ராத்திரி தரையில வைக்க முடியல. இப்போ கைக்கும் வந்துட்டு. கத்தியப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல. தோல வெட்டும்போது விரல் எங்க இருக்குன்னு தெரியல. நீ படிச்சவ. எந்த மாத்திரைன்னு மட்டும் சொல்லு. அத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் முழுங்குதேன்."

பாதகமில்லாத பேச்சு மாதிரித்தான் இருந்தது. ஒன்றை விட்டாலும் மற்றதைச் சாப்பிடுகிறேன் என்கிறார். ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பதற்கு அது தேவலையே? 'சொல்லிவிடு காயத்ரி' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவள் பார்வை ஒரே இடத்தில் நின்றதிலிருந்து எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"இதுதான?" என்று ஓர் அட்டையைத் தொட்டார்.

"எனக்குத் தெரியும்னு நினைக்கறேன், அண்ணா. ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் தப்பா சொன்னா நிறுத்தக் கூடாததை நிறுத்திடுவீங்க. சரியாவே சொன்னாலும், ஒண்ணை எடுத்துட்டா மத்தது தனியாப் போராடணும். அதுக்குப் பதிலா வேற எதை வைக்கறது, எவ்வளவு குறைக்கறதுன்னு டாக்டருக்குத்தான் தெரியும். அவங்களால மாத்த முடியும். கை மரத்துப்போறதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் வெளியே தெருவைப் பார்த்தார்.

"எப்படி இருக்கேன்னு கேட்டாவ. டீக் ஹை, நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கை வேலை செய்யலன்னு பேப்பர்ல எழுதிட்டாவன்னா? கட்டிங் மாஸ்டருக்குக் கைதான எல்லாம்? என் இடத்துல வேற ஆளப் போட்டுருவான் சேட்."

ஜெயராணி அவர் பக்கத்தில் போனாள். அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி. அதைப் பற்றி முன்பு அவள் கேட்டபோது பிளேடு வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாராம். நடுவிரல் நுனியில் தன் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"இது தெரியுதா?"

இன்னும் அழுத்தினாள். நகத்தின் தடம் வெள்ளையாகப் பதிந்தது.

"தெரியுதான்னு கேக்கேன்."

"இல்ல" என்றார்.

அவள் கையை விடவில்லை. "இத்தன நாளா கிருமியப் பத்திப் படிச்சேன். அது எப்படி வளருது, எப்படித் தூங்குது, எல்லாம் படிச்சேன். உங்களப் பத்தி ஒரு வார்த்த எனக்குத் தெரியல."

"சொன்னா நீ பயப்படுவ."

"இப்ப மட்டும் பயப்படாமலா இருக்கேன்?"

காயத்ரி திரும்பி நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை செல்வின், ஜெயராணி, நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் நின்றோம். நான் வெளியில்தான் இருந்தேன். மாத்திரை நிறுத்தியதையும் கை மரத்துப்போனதையும் இரண்டையும் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா முதலில் நிறையத் திட்டினார்களாம். பிறகு அவர் கால்களையும் கைகளையும் நிதானமாகச் சோதித்தார்களாம். அவரைச் சிரமப்படுத்திய மருந்தை மாற்றினார்கள். சளியை மறுபடி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். நிறுத்திய நாள்களில் கிருமி தப்பித்து வளர்ந்துவிட்டதா என்பது அந்த முடிவு வந்தால்தான் தெரியும். அது மெதுவான கிருமி என்பதால் முடிவும் மெதுவாகத்தான் வந்தது. அந்த வாரங்களில் நான் வேலையில் சரியாக இல்லை. ஒரு வீட்டுக்குக் கணக்கு ஆசிரியருக்குப் பதில் ஹிந்தி ஆசிரியரை அனுப்பினேன்.

முடிவு நல்லதாக வந்தது, மருந்து இன்னும் கேட்கும் என்று. சிகிச்சைக் காலத்தை மட்டும் நீட்டினார்கள். செல்வின் முழுசாக முடித்தார். கை பெரும்பாலும் சரியாகிவிட்டது. கால் எரிச்சல் இன்னும் இருக்கிறது என்று கேள்வி. கட்டிங் வேலைக்கு அவர் திரும்பவில்லை. அவர் பயந்தபடியே அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது அதே கார்கானாவில் தைத்து வரும் பைகளைச் சரிபார்க்கும் வேலை. எல்லாம் சுபமாக முடிந்தது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

கோபாலன் சார் காயத்ரியைவிட நல்ல ஆசிரியர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பரீட்சைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவரை அனுப்புங்கள். ஆனால் அந்தக் காரிடாரில் காயத்ரி சொன்ன 'சொல்ல மாட்டேன்' எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. அதற்குப் பிறகு புது ஆசிரியர்களைப் பதிவு செய்யும்போது, தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். தெரிந்த பதிலைச் சொல்லக் கூடாத இடம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் முழித்தார்கள். முழித்தவர்களைத் தள்ளிவிடாதீர்கள். உடனே பதில் சொல்பவர்களிடம்தான் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

போன் எடுக்கும் உங்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. செல்வின் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நாங்கள் கஷ்டப்பட்டுப் பதில் தேடினோம். பதில் கிடைத்தது. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை. அவர் உள்ளே வைத்திருந்த கேள்வி வேறு. பாடம் நடக்காமல் இருந்திருந்தால் அதுவும் வெளியே வந்திருக்காது என்பதையும் நான் நினைத்துக்கொள்வேன். இதில் எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டாவது கிளாஸ் வரை காத்திருக்காமல் முதல் திங்கட்கிழமையே அவளோடு போயிருக்க வேண்டுமோ? போயிருந்தால் அவர் அன்றைக்கே ஊருக்கு ரயிலேறியிருப்பாரோ? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

நான் ரிட்டயர் ஆகப்போகும் மாதத்தில் ஜெயராணி மறுபடி போன் செய்தாள். "என்னாச்சு? அவர் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காவ. அதுக்கில்லக்கா. டீச்சர் அன்னைக்குப் பாதியில நிறுத்திட்டாவல்லா? கெட்ட கிருமியப் பத்தி மட்டும்தான் சொல்லித் தந்துருக்காவ. நல்லது செய்யுத கிருமியும் நெறைய உண்டுன்னு சர்ச்சுல ஒரு பிள்ள சொல்லிச்சு. அத எப்போ நடத்துவாவ?"

"பரீட்சை எதுவும் எழுதப்போறியா ஜெயராணி?"

"இல்லக்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். "சும்மா தெரிஞ்சுக்கணும்."

காயத்ரிக்குச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாவியோடு படியேறிப் போனபோது, காயத்ரி எனக்கு முன்னாலேயே வந்து காரிடார் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.